இரத்தம் கசிந்த மூளைக்கு, இரத்தம் உறையாமல் வைக்கும் ஊசி ஏன்?

கேட்டவர்: கொக்குவில் தங்கச்சி

வணக்கம். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 29 வயது. இரண்டாவது பிள்ளை பிறந்து 11ஆம் நாள் தலையிடி தொடங்கியது. பிள்ளை இரவில் உறங்குவதில்லை, நித்திரைக்குறைவால் வந்த தலையிடி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பக்கத்தில் ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டினோம். பனடோல் தந்து ஓய்வெடுக்கச் சொன்னார். அடுத்த நாள் அக்கா ஒன்று சொன்னார், நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "படுத்தால்தான் கூடுது. எழும்பி இருந்தால் கொஞ்சம் சுகம்." 14ஆம் நாள் விடியப்புறம், பால் கொடுத்துக்கொண்டு இருந்தபடியே இடது கால் வெட்டி இழுக்கத் தொடங்கியது. பிறகு உடம்பு முழுவதும் வலிப்பு. பிள்ளையை நான்தான் மடியிலிருந்து பறித்தெடுத்தேன்.

ஸ்கான் எடுத்த பிறகு டொக்டர் சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதிவைத்தேன். "மூளையின் உச்சிப் பக்கம், வலது புறத்தில் சிறிய இரத்தக்கசிவு. காரணம் மேல் சஜிற்றல் சைனஸில் இரத்தக்கட்டி. இது நாடியில் வந்த அடைப்பு இல்லை, நாளத்தில் வந்த அடைப்பு." அன்று பின்னேரமே இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கதை. மாமி "சைனஸ்" என்ற சொல்லைக் கேட்டதும், அது தடிமன் வியாதி, நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் சரி என்கிறார். அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. வலது கையும் வாயும் இழுத்து, பேச்சும் நின்றது. ஆனால் கால் பெரிதாகப் பழுதாகவில்லை, நடப்பார். அவர் தன் அஸ்பிரின் குளிசையைக் காட்டி "இதுதானே அவளுக்கும்" என்கிறார். அத்தான்தான் பெரிய பாடு. "இரத்தம் கசியிற இடத்தில் இரத்தத்தைத் தண்ணியாக்கிற ஊசி போடலாமா? நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வைக்கப் போறன்" என்று நிற்கிறார்.

வாட்டில் ஒரு டொக்டருக்கு எத்தனையோ நோயாளிகள். மறித்துவைத்து முழுவதும் கேட்க மனம் வரவில்லை. யாராவது தமிழில், அத்தானுக்கு வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி எழுதுவீர்களா? அப்பாவுக்கு வந்ததும் அக்காவுக்கு வந்ததும் ஒன்றா? கசிவு இருக்கும்போது இந்த ஊசி ஏன்?


பதில் 1: அளவெட்டித் தோட்டக்காரன்

தங்கச்சி, எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ஆத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு அழுத ஒரு குடும்பத்தைக் கண்டிருக்கிறேன். உங்கள் அத்தானை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். இங்கே ரீச்சர் ஒருவர் இருக்கிறார், தாதியருக்குப் படிப்பித்தவர். இரவில் கட்டாயம் பார்ப்பார்.


பதில் 2: ரீச்சர்

பிள்ளை, முதலில் அத்தானிடம் சொல்லு, ஊசியை நிறுத்தக் கேட்க வேண்டாம். அவர் பயப்படுவதில் பிழை இல்லை. இதே கேள்வியை என்னிடம் படித்த மாணவிகளும் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். நான் காரணத்தை எழுதுகிறேன். வாசித்த பிறகும் பயம் இருந்தால், நேரே டொக்டரிடம் போய்க் கேட்கட்டும். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

சொற்களை முதலில் சரிசெய்வோம். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம். இந்தியப் பக்கத்துப் புத்தகத்தில் தமனி, சிரை என்று இருக்கும். சொல்தான் வேறு, பொருள் ஒன்றுதான். மாமி சொல்லும் சைனஸ் முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அக்காவின் சைனஸ் வேறு. அது மூளையைச் சுற்றியிருக்கும் தடித்த உறையின் இரண்டு மடிப்புகளுக்கு இடையில் ஓடும் இரத்த வாய்க்கால். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஆவி பிடிப்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. காய்ச்சல்காரர் போலப் போர்த்தி மூடி வியர்க்க வைத்தால் உடம்பு தண்ணீரை இழக்கும், அக்காவுக்கு அது கூடாது. மாமியிடம் பணிவாகச் சொல்லு.

இனி வரும் வழி. வளர்ந்தவர் மூளை 1400 கிராம் அளவில் இருக்கும், உடம்பு நிறையில் 2 வீதம்தான். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் லீற்றர். பத்து விநாடி முழுதாக நின்றால் நினைவு தப்பும். இவ்வளவும் போவது நான்கு குழாய்களால். கழுத்தில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அது கரோட்டிட் நாடி. குரல்வளைக் குமிழின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகப் பிரியும். ஒன்று முகத்துக்கும் உச்சந்தலைத் தோலுக்கும். மற்றது, உட்கரோட்டிட், கழுத்தில் ஒரு கிளைகூட விடாமல் நேரே மண்டையோட்டுக்குள் ஏறிவிடும். மூளைக்கென்று வைத்ததை வழியில் யாருக்கும் கொடுப்பதில்லை. இடம், வலம் என இப்படி இரண்டு. மற்ற இரண்டும் பின்பக்கம், கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள்ளால் ஏறுகின்றன. பெரும்பாலும் கீழிருந்து இரண்டாவதான ஆறாவது எலும்பில் நுழைந்து, மண்டையோட்டின் அடியிலுள்ள பெரிய துளையால் உள்ளே போய், இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த ஒற்றை நாடி மூளைத்தண்டின் முன்பக்கமாக ஏறி, மூளி என்ற சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் கிளை கொடுத்து, முடிவில் மறுபடி இரண்டாகப் பிரியும்.

முன்னால் வந்த உட்கரோட்டிட், கண்ணுக்கு ஒரு கிளை கொடுத்த பிறகு, முன்மூளை நாடி, நடுமூளை நாடி என்று பிரிகிறது. பின்னால் வந்த ஒற்றை நாடி பிரிவதுதான் பின்மூளை நாடிகள். பின்மூளை நாடி பார்வைக்கான இடத்துக்கு இரத்தம் கொடுக்கிறது. நடுமூளை நாடி மூளையின் வெளிப்பக்கம் முழுவதையும் ஏறக்குறையப் போர்த்துகிறது. முன்மூளை நாடி இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கத்தை ஏற்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் அப்பாவின் கதை இதில் இருக்கிறது. மூளையின் மேற்பரப்பில் எங்கள் உடம்பு தலைகீழாகத் தொங்குகிறது. கால் உச்சியில், நடுக்கோட்டை ஒட்டிய உட்பக்கத்தில். கை அதற்கு வெளியே. முகம் இன்னும் கீழே. இடது பக்கத்தில், பெரும்பாலானோருக்கு, பேச்சும் அங்கேதான். வலது கை, வாய், பேச்சு மூன்றும் போய், கால் தப்பியது என்றால் அடைபட்டது இடது நடுமூளை நாடியின் பிரதேசம். காலுக்கு இரத்தம் கொடுத்தது முன்மூளை நாடி, அது திறந்தே இருந்திருக்கிறது. உன் அப்பா நடப்பதற்கு அதுதான் காரணம்.

அக்காவுக்குக் கால் இழுத்தது. அப்படியென்றால் முன்மூளை நாடி அடைபட்டதா? இல்லை. அங்கேதான் நாளத்தின் கதை வருகிறது. எங்கள் படிப்பில் அதற்கு எப்போதும் ஒரு பாடவேளைதான் ஒதுக்கியிருந்தார்கள், நாடிக்கு நான்கு. எனக்கு அது பிடிப்பதே இல்லை. வந்த தண்ணீர் போக வழியில்லாவிட்டால் பயிர் அழுகும் என்று தோட்டம் செய்யிற ஊரில் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

வெங்காயப் பாத்தியை நினை. மோட்டர் போட்டு இறைத்தால் கிணற்றுத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் வந்து, கிளை பிரிந்து, பாத்தி பாத்தியாகப் பாயும். கார்த்திகை மழையில் அதே தோட்டத்தில் நிற்கும் வெள்ளம் அந்த வாய்க்காலால் கிணற்றுக்குத் திரும்பிப் போவதில்லை. தாழ்ந்த பக்கம் வழிந்து, குளத்தில் விழுந்து, குளம் நிரம்பி வழுக்கையாற்றோடு சேர்ந்து, அராலிப் பக்கம் கடலுக்குப் போகிறது. வருகிற வழி ஒன்று, போகிற வழி வேறு. கையிலும் காலிலும் நாடியும் நாளமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். மூளையில் அப்படி இல்லை. நாடி அடியிலிருந்து மேலே ஏறுகிறது. மேற்பரப்பு நாளங்களில் பெரும்பகுதி உச்சியை நோக்கி ஏறி, நடுக்கோட்டில் முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு பெரிய வாய்க்காலில் விழுகின்றன. டொக்டர் சொன்ன மேல் சஜிற்றல் சைனஸ் அதுதான்.

மாணவிகளைக் கூட்டிக்கொண்டு உடற்கூற்றியல் பகுதிக்குப் போவேன். மண்டையோட்டின் மேல்மூடியைக் கழற்றியதும் தெரிவது மூளை இல்லை, உறை. நனைந்த தோல் மாதிரித் தடிப்பு, மங்கல் வெள்ளை. நடுக்கோட்டில் கத்தரிக்கோலை நுழைத்து நெற்றியிலிருந்து பிடரி வரை வெட்டினால் சைனஸ் திறக்கும். குறுக்காகப் பார்த்தால் முக்கோணம். முன்பக்கம் ஒடுக்கம், பின்னால் போகப் போக அகலம். உட்சுவர் வழவழப்பு, இடையிடையே மெல்லிய நார்கள் குறுக்கே கட்டியிருக்கும். பக்கச் சுவர்களில் சின்னச் சின்ன வாய்கள், ஒவ்வொன்றும் ஒரு நாளம் வந்து விழும் இடம். அந்த நாளங்களில் பல முன்னோக்கிச் சாய்ந்து, சைனஸின் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி உள்ளே வருகின்றன. அதோடு சவ்வரிசி மணி போலக் கூட்டம் கூட்டமாக வெள்ளை முளைகள் தெரியும். மூளையைச் சுற்றியிருக்கும் மூளைய முண்ணாண் பாய்பொருள் இரத்தத்தோடு கலக்கும் முக்கிய வாசல் அவை. ஒருமுறை ஒரு பிள்ளை கையுறையோடு அந்த முளைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிஸ், இவ்வளவு மெல்லிசா?" என்று கேட்டாள். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

மூளையின் ஆழத்திலிருந்து வரும் இரத்தத்துக்கு வேறு வழி. உள்நாளங்கள் இரண்டு சேர்ந்து கேலன் நாளம் என்ற ஒரு குறுகிய பெரிய நாளமாகி, நேர்சைனஸ் வழியாகப் பிடரிக்கு வரும். உச்சியால் வந்ததும் ஆழத்தால் வந்ததும் பிடரி எலும்பின் உட்புறத்தில் சந்திக்கும். அங்கிருந்து இடமும் வலமுமாகக் காதுக்குப் பின்னால் வளைந்து, மண்டையோட்டின் அடித்துளையால் இறங்கி, கழுத்து நாளமாகி இதயத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு வலது பக்கத்து வழிதான் பெரிது.

சரி, இனி அத்தானின் கேள்வி. உச்சி வாய்க்காலில் கட்டி விழுந்தது. நாடி வழியாக நிமிடத்துக்கு முக்கால் லீற்றர் வந்துகொண்டே இருக்கிறது, அதை யாரும் நிறுத்தவில்லை. மண்டையோடு எலும்பு, விரியாது. உச்சியில் விழும் நாளங்கள் வீங்கும். அவற்றுக்குப் பின்னாலிருக்கும் மயிர்க்குழாய்களில் அழுத்தம் ஏறும். முதலில் நீர் கசிந்து மூளை வீங்கும், பிறகு சிவப்பணுக்களும் சேர்ந்து கசியும். அக்காவுக்கு வந்த இரத்தக்கசிவு அதுதான். வெடித்த குழாயிலிருந்து பீறியது இல்லை, வடிய வழியில்லாமல் கசிந்தது. அது உச்சியில் நடுக்கோட்டை ஒட்டி வந்ததால் காலுக்கான இடத்தைத் தொட்டிருக்கிறது, வலது பக்கம் என்பதால் இடது காலை. படுத்தால் தலையிடி கூடியதும் இதனால்தான். படுத்தால் தலையிலிருந்து இரத்தம் இறங்குவது இன்னும் கடினம்.

கசிவுக்குக் காரணம் கட்டி. கட்டி வளர்ந்தால் இன்னும் நாளங்கள் அடைபடும், கசிவு கூடும். அதனால்தான் கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். உலகம் முழுவதும் இந்த நோய்க்கு இதுதான் வழக்கம். அது இரத்தத்தைத் தண்ணியாக்குவதும் இல்லை, கட்டியைக் கரைப்பதும் இல்லை. கட்டி மேலும் வளராமல் பிடித்துவைக்கிறது. மிச்சத்தை உடம்பு தானே மெல்ல மெல்லக் கரைக்கும், பக்க நாளங்களும் வழிவிடும். வெள்ளம் நிற்கிறதென்று வடிகாலை மண்போட்டு மூட மாட்டோம்தானே.

அப்பாவின் அஸ்பிரின் இதற்குப் போதாது. வேகமாக ஓடும் நாடியில், பழுதான சுவரில் ஒட்டுவது பெரும்பாலும் குருதிச் சிறுதட்டுகள். அஸ்பிரின் அவற்றைத் தடுக்கும். மெதுவாக ஓடும் நாளத்தில் கட்டி உருவாகும் விதம் வேறு, அதற்கு ஊசி வேண்டும். ஒருவர் குளிசையை மற்றவருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மானிப்பாயில் டொக்டர் கிறீன் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த ஊர் இது. அவர் இங்கே வந்தது 1847இல். உடலமைப்புக்கு அவர் காலத்துப் புத்தகத்தில் அங்காதிபாதம் என்று பெயர். அதை நினைத்துத்தான் நானும் தமிழில் எழுதப் பார்க்கிறேன். விளங்காத இடம் இருந்தால் கேள்.


பதில் 3: கொக்குவில் தங்கச்சி

ரீச்சர், அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். வழுக்கையாறு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். அவர் சண்டிலிப்பாய்க்காரர், சின்ன வயதில் மாரி வெள்ளம் பார்த்து வளர்ந்தவர். கையெழுத்துக் கதை முடிந்துவிட்டது.

அக்கா இன்று கண் முழித்துக் கதைத்தார். கால் பெருவிரலை அசைக்கிறார். டொக்டர் கண்ணுக்குள் லைட் அடித்து நெடுநேரம் பார்த்தார். பார்வை மங்குகிறதா என்று மூன்று தரம் கேட்டார். தலையில் பிரச்சினை இருக்கக் கண்ணை ஏன் பார்க்கிறார்கள்? இன்னொன்று. அக்காவுக்கு ஏன் வந்தது? பிறசர் இல்லை, சலரோகம் இல்லை.


பதில் 4: மருத்துவபீட மாணவன்

கண்ணைப் பார்த்ததன் காரணத்தை நான் சொல்கிறேன் அக்கா. ரீச்சர் சொன்ன அந்த வெள்ளை முளைகள் சைனஸுக்குள்தானே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சைனஸில் அழுத்தம் ஏறினால் மூளையைச் சுற்றியிருக்கும் பாய்பொருள் இரத்தத்துக்குள் போக முடியாமல் தேங்கும். அந்தப் பாய்பொருள் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் இருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்சுவரில் நரம்பு வந்து சேரும் தட்டு வீங்கும். கருவியால் பார்த்தால் அதன் விளிம்பு மங்கித் தெரியும். அது நீடித்தால் பார்வை போகலாம். அதனால்தான் மூன்று தரம் கேட்டிருக்கிறார். நல்ல டொக்டர்.

ரீச்சர், ஒன்று சேர்க்கலாமா? நாடிகள் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இரண்டு முன்மூளை நாடிகளுக்கு இடையில் ஒரு சிறு இணைப்பு, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இணைப்பு. தோமஸ் வில்லிஸ் 1664இல் இதை விளக்கி எழுதியதால் வில்லிஸ் வளையம். அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பிறகு லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். முதல் வருடத்தில், ஒரு குழாய் அடைபட்டால் வளையம் மற்றப் பக்கத்தால் கொடுக்கும், ஆகவே மூளை பாதுகாப்பு என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன், பாடப்புத்தகத்தில் இருப்பது போல முழுமையான வளையம் பாதிப்பேருக்குக்கூட இல்லை. ஒரு பக்க இணைப்பு நூல் போல மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதோடு, அக்காவின் அப்பாவுக்கு அடைபட்ட நடுமூளை நாடி வளையத்தைத் தாண்டிய பிறகு வருவது. வளையம் முழுமையாக இருந்தாலும் அங்கே பெரிதாக உதவாது.

நாளங்களுக்கும் மாற்றுவழி உண்டு. மூளையின் நாளங்களிலும் சைனஸ்களிலும் வால்வு இல்லை, இரத்தம் இரு திசையிலும் போகலாம். உச்சிச் சைனஸையும் பக்கத்துச் சைனஸையும் கீழ்ப்பக்கத்தோடு இணைக்கும் இரண்டு பெரிய மேற்பரப்பு நாளங்கள் இருக்கின்றன, துரோலார், லபே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரரின் பெயரில். உங்கள் அக்கா போன்ற ஆட்களுக்குத் திறந்து உதவுவது இப்படியான வழிகள்தான். ஆனால் வால்வு இல்லாததில் ஆபத்தும் உண்டு. மூக்கைச் சுற்றிய முகப்பகுதியில் வரும் சீழ்க்கட்டியை நசுக்கினால், கிருமி பின்னோக்கிக் கண்ணின் நாளங்கள் வழியாகப் போய், கண்ணுக்குப் பின்னாலுள்ள குகைச் சைனஸில் இறங்கலாம். அந்தச் சைனஸுக்குள்ளால்தான் உட்கரோட்டிட் நாடியும் கண்ணை அசைக்கும் நரம்பொன்றும் போகின்றன, மற்றவை அதன் சுவரில். எங்கள் வீட்டில் தம்பி கண்ணாடிக்கு முன் நின்று பருவை நசுக்கினால் இப்போது கத்திவிடுகிறேன்.


பதில் 5: அளவெட்டித் தோட்டக்காரன்

ரீச்சர், நாளம் என்றதும் எனக்கு அப்பாவின் நினைவு. 78 வயதில் கிணற்றடிப் பாசியில் வழுக்கித் தலை அடிபட்டது. காயம் இல்லை, வாந்தி இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விட்டார். மூன்று கிழமை கழித்துப் பேர் தடுமாறத் தொடங்கினார், நடை சரிந்தது. அறளை பெயர்ந்துவிட்டது என்று சொந்தக்காரர் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஸ்கானில் மூளைக்கு வெளியே பழைய இரத்தம். துளை போட்டு எடுத்தார்கள். அடுத்த நாளே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அது நாடியா, நாளமா?


பதில் 6: ரீச்சர்

தம்பி மாணவன் வடிவாகச் சொல்லிவிட்டார், நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. வளையத்தைப் பற்றி அவர் சொன்னது முக்கியம்.

அளவெட்டித் தம்பி, அது நாளம். மூளையின் மேற்பரப்பிலிருந்து உச்சிச் சைனஸுக்கு ஏறும் நாளங்கள், கடைசித் துண்டில், மூளைக்கும் உறைக்கும் நடுவே பாலம் போலத் தாண்டுகின்றன. வயது போகப் போக மூளை கொஞ்சம் சுருங்கும், பாலம் நீண்டு இழுபடும். சின்ன அடி போதும், ஒன்று கிழியும். நாளத்தின் அழுத்தம் குறைவு, அதனால் இரத்தம் பீறாது, கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரும். வயதானவர் விழுந்து சில கிழமைக்குள் குணமோ நடையோ மாறினால் அறளை என்று விட்டுவிடாமல் ஸ்கான் கேட்கவேண்டும். நீங்கள் கொண்டுபோனது அப்பாவுக்கு உயிர் கொடுத்தது.

இனி, பிள்ளை கேட்டது. ஏன் வந்தது? பிள்ளைப்பேற்றில் தாய்க்கு இரத்தம் நிறையப் போகாமல் இருக்க, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்தே உடம்பு இரத்தத்தை இலகுவில் உறையும்படி வைத்திருக்கும். பிறந்து ஆறு கிழமை வரை அந்த நிலை முழுதாக மாறாது. அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீரும் குறைந்தால் இரத்தம் இன்னும் தடிக்கும்.

இங்கே உன்னை ஒன்று கேட்கப் போகிறேன், கோபிக்காதே. அக்காவுக்கு வீட்டில் தண்ணீர் எவ்வளவு கொடுத்தீர்கள்? பிள்ளை பெற்றவளுக்கு வயிறு தள்ளும் என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சரக்குக் கறி கொடுக்கட்டும், பத்தியம் பார்க்கட்டும், 31ஆம் நாள் வரை வெளியே விடாமல் வைத்திருக்கட்டும். ஆனால் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். பால் கொடுக்கிற பெண். சித்திரை வெயிலில் இரண்டு சிரட்டை வெந்நீரோடு நாள் முழுக்க இருந்த இளம் தாய்மாரை வாட்டில் கண்டிருக்கிறேன். உதடு வெடித்து, நாக்கு ஒட்டி. என்னால் அதை மறக்க முடியவில்லை, கோபமும் அடங்கவில்லை. தண்ணீர் குறைந்ததால்தான் அக்காவுக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. அம்மாவைக் குற்றம் சொல்லவும் வேண்டாம், அவரும் தன் அம்மா செய்ததைத்தான் செய்கிறார். இனிமேல் தாராளமாகக் கொடுக்கட்டும். சிலருக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையும் தன்மை கூட இருக்கும், அதற்கு டொக்டர்மார் பிறகு சோதனை செய்வார்கள்.

வீட்டுக்குப் போகும்போது ஊசியை விட்டுக் குளிசைக்கு மாற்றுவார்கள், பெரும்பாலும் வார்பரின். 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை போகலாம். வார்பரின் குடித்துக்கொண்டு பால் கொடுக்கலாம். யாராவது பயமுறுத்தினால் கேட்காதே. இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனைக்கு வரச் சொல்வார்கள், ஒன்றையும் தவறவிட வேண்டாம். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாவற்றிலும் உயிர்ச்சத்து கே இருக்கிறது, அது வார்பரினுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அதற்காகக் கீரையை நிறுத்தத் தேவையில்லை. ஒரு கிழமை சட்டி நிறைய, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று மாற்றாமல், வழக்கமான அளவில் சமைக்கட்டும். நோவுக்கு அஸ்பிரின், புரூபன் வகை குளிசைகளைத் தாங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மருத்துவமாது வந்து கேட்கும்போது இந்த நோய் வந்த கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்திரஜன் கலந்த குளிசை இனி அக்காவுக்கு வேண்டாம், வேறு முறை இருக்கிறது. வார்பரின் குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, அது கருவுக்குக் கெடுதல். பிறகு இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே கிளினிக்கில் கதைக்கட்டும்.


பதில் 7: கொக்குவில் தங்கச்சி

ரீச்சர், கோபம் இல்லை. உண்மைதான், ஒரு சின்னச் சுடுதண்ணிப் போத்தல், அதுதான் நாள் முழுவதற்கும். அம்மா வாசித்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு லீற்றர்ப் போத்தல் ஒன்றைக் கழுவி, ஆறவைத்த தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து பையில் வைத்தார். அக்கா பின்னேரத்துக்குள் முக்கால்வாசி குடித்துவிட்டார்.

மாமி ஆவிச் சட்டியை எடுத்துவைத்துவிட்டார். அப்பாவிடம் அவருடைய பழைய ஸ்கான் துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இடது நடுமூளை நாடி என்றே இருக்கிறது. அவர் தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப கால் வேற குழாயா" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவருக்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விடலாம் என்கிறார்கள். முதல் ஐ.என்.ஆர். வெள்ளி. பிள்ளையை இன்று வாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அக்கா சாய்ந்து இருந்தபடியே பால் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று இடது காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.